மீட்டர் இல்லாத ஓட்டம்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிக்னலில் நிற்கும்போது மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போய்விடுவாய். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். உன்னோடு சாப்பாடு டெலிவரி ஆப்பில் ஓட்டுகிற பையன்களும் படிக்கட்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பன்னிரண்டரை இருக்கும். நீ வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். என் அக்கா, உன் அம்மா, சோற்றை மூடி வைத்துவிட்டுக் கதவோரம் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். உன் தோளில் பை வார் அழுத்திய இடம் சட்டைக்கு மேலேயே பள்ளமாகத் தெரிந்தது. பையைக் கழற்றக்கூட இல்லை நீ. போனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இருபத்தி நாலு ஆர்டர் முடிச்சிட்டேன் மாமா. இன்னும் ஒண்ணு விழுந்திருந்தா நூத்தம்பது ரூபா இன்சென்டிவ் சேர்ந்திருக்கும். பதினொன்னே காலுக்கு அப்புறம் ஒண்ணுமே விழல. ஆப் காட்டுற ஸோனை விட்டு நகரவே இல்ல நான்."

முக்கால் மணி நேரம் புரசைவாக்கத்தில் ஒரு மூடிய கடை வாசலில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கம்பெனியில் வேண்டுமென்றே ஆர்டரை நிறுத்தினார்களா, நிஜமாகவே அந்த நேரத்தில் ஆர்டர் இல்லையா, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரைக் கேட்பது? கேட்க ஆளே இல்லை. அதுதான் அன்றைக்கு என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலையில் உன்னை உட்கார வைத்து நோட்டில் கணக்குப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பி.காம் படித்தவன் நீ, எனக்குச் சொல்லித்தர வேண்டியவன். ஆனாலும் வண்டிக் கணக்கு எனக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் பெரம்பூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவன் நான். ஆர்டர் காசு 742, இன்சென்டிவ் 200, மொத்தம் 942 என்று நீ பெருமையாகச் சொன்னாய். காலையில் கிளம்பும்போது கிலோமீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். 128 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆர்டர் ஆர்டராகக் கூட்டினால் ஆப்பில் 79தான் வந்தது. மீதி 49 கிலோமீட்டர் நீ காலியாகத் திரும்பி வந்தது, ஆர்டர் விழும் இடத்தைத் தேடிப் போனது. அதற்குக் கூலி கிடையாது, பெட்ரோல் மட்டும் உன்னுடையது.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல். 287 ரூபாய் அதிலேயே போச்சு. ஆயில், டயர், பிரேக் ஷூ என்று நாளுக்கு 60 ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும். நீ எடுத்து வைப்பதில்லை, அது வேறு. வண்டித் தவணை மாதம் 3,300, அப்படியானால் நாளுக்கு 110. ரீசார்ஜ் 10. வெளியே சாப்பாடும் டீயும் 90. கடைசியில் 385 ரூபாய் நின்றது. பகல் பதினொன்றுக்கு லாகின் போட்டு ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் 13 மணி நேரம். மணிக்கு முப்பது ரூபாய்கூடத் தேறவில்லை.

நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாய். உன் மனசைக் கஷ்டப்படுத்தவேண்டும் என்று நான் அதைச் செய்யவில்லை. அக்கவுன்ட்டில் ஏறுகிற காசை நீ சம்பளம் என்று நினைக்கிறாய். அதில் கிட்டத்தட்ட பாதி வண்டியின் தீனி, மாப்பிள்ளை.

நான் ஓட்டிய காலத்தைச் சொல்கிறேன். 2013-ல் ஆட்டோவுக்கு அரசு ரேட் போட்டது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அந்த ரேட் எங்களுக்குப் பத்தவில்லை, பத்து வருஷத்துக்கு மேல் அதே ரேட்டில் நின்றது, அதற்காக எத்தனையோ தடவை தெருவில் உட்கார்ந்தோம். எல்லோரும் ஒழுங்காக மீட்டர் போட்டோம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. அந்த ரேட் அரசாணையில் இருந்தது. ஏறுகிற பயணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சிக்னலில் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும். பத்தவில்லை என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதும் தெரியும்.

அந்த ரேட்டிலேயே காத்திருப்புக்கும் காசு உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு மூன்றரை ரூபாய். ராத்திரி 11 மணியிலிருந்து விடியற்காலை 5 வரைக்கும் ஒன்றரை மடங்கு. ஒரு மனுஷன் வண்டியோடு நிற்பதும் வேலைதான், ராத்திரி ஓட்டுவது பகலில் ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்று அப்போதே ஒத்துக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன் கதை என்ன? கீழ்ப்பாக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் 35 நிமிஷம் நின்றதாக எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாய். உள்ளே உட்காரக் கூடாது, பாத்ரூம் கேட்டால் முறைப்பார்கள், தண்ணீர் பாட்டில் வண்டியில். என் பழைய மீட்டராக இருந்தால் அந்த 35 நிமிஷத்துக்கு 24 ரூபாய் 50 பைசா ஏறியிருக்கும். உன் போனில் அதற்குத் தனியாக ஒரு பைசாகூட ஏறவில்லை. அந்த ஆர்டருக்கு உனக்கு வந்த மொத்தக் காசே 28 ரூபாய்.

ரேட் எப்படிக் கணக்காகிறது என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வருஷம் இதே தூரத்துக்கு 36 வந்தது, இப்போது 28 வருகிறது என்கிறாய். எப்போது குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்று ஒரு தாள்கூட உன் கையில் இல்லை. படித்த பையன், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் உழைக்கிறாய், உன் கூலி என்ன விகிதம் என்று உனக்கே தெரியாது. என் அப்பா மூட்டை தூக்கியவர். மூட்டைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காலையிலேயே தெரியும்.

ஆப்பில் உன் ஐடி பிளாக் ஆன கதையையும் எழுதத்தான் வேண்டும். பாக்கெட் வரவில்லை என்று யாரோ புகார் கொடுத்தார்கள். நீ வாசலில் வைத்துப் போட்டோ எடுத்திருந்தாய். போட்டோவை அனுப்பினாய், பதில் வந்தது, அதே பதில் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று நாள் வண்டி வாசலில் நின்றது. நாலாவது நாள் தானாகத் திறந்தது. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. அந்த மூன்று நாள் காசுக்கு யார் பொறுப்பு? என் ஆட்டோ பர்மிட்டை ரத்து செய்ய வேண்டுமென்றால், மோட்டார் வாகனச் சட்டம் 86-வது பிரிவுப்படி என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் செய்ய முடியாது. உன்னைப் போல ஆப் வழியாக வேலை செய்கிறவர்களைக் கிக் தொழிலாளர் என்கிறார்கள்; கர்நாடகாவில் 2025-ல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டத்தில் இதை எழுதிவிட்டார்கள்: எழுத்தில் காரணம் சொல்லி, 14 நாள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்காமல் ஆளை நீக்கக் கூடாது. ஓசூர் தாண்டினால் இருக்கிற உரிமை இங்கே ஓட்டுகிறவனுக்கும் வேண்டும்.

உன் எதிர்வீட்டுப் பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறானே, அவன் சம்பளத்தை நீ கேலி செய்வாய். போன மழைக்காலத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் டெங்கு வந்தது. அவன் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் படுத்தான். செலவு இல்லை, படுத்திருந்த நாட்களுக்கு எழுபது சதவீதக் கூலியும் வந்தது. நீ ஒன்பது நாள் படுத்தாய். வருமானம் பூஜ்ஜியம். வண்டித் தவணைக்கு அக்கா கம்மலை அடகு வைத்தாள். அது உனக்குத் தெரியாது. சொல்லாதே என்றாள், நான் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, இதை நீ கவனித்திருக்கவே மாட்டாய். உன் வண்டி இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படித்தேன். சொந்த உபயோக வண்டிக்கான பாலிசி. எதற்கெல்லாம் பயன்படுத்தினால் செல்லாது என்று ஒரு பத்தி பொடி எழுத்தில் இருக்கிறது. வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது இரண்டும் அதில் வருகின்றன. உன் முதுகில் இருக்கிற பை சரக்கா இல்லையா என்று நாளைக்கு க்ளெய்ம் கேட்கும்போது ஒருத்தன் வாதம் பண்ணலாம். மஞ்சள் போர்டு வண்டி ஓட்டிய எங்களுக்கு இது அரிச்சுவடி. உங்களை வண்டியோடு சேர்த்துக்கொள்கிறவர்கள் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

"பார்ட்னர்" என்று உன் டி-ஷர்ட்டில் போட்டிருக்கிறது. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு வேண்டும், ரேட்டில் பேச்சு வேண்டும். இரண்டும் இல்லை. வேலைக்காரன் என்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் வந்துவிடும். நடுவில் ஓர் இடத்தில் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீ ஒருத்தன் இல்லை. 2020-21-லேயே இந்த மாதிரி வேலையில் 77 லட்சம் பேர் இருந்தார்கள், 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்று மத்திய அரசின் நிதி ஆயோக் 2022-ல் அறிக்கை போட்டது.

சட்டம் அசையவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020-ல் போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் உங்களுக்கான நிதியில் கட்ட வேண்டும், ஆனால் உங்களுக்குக் கொடுக்கிற காசில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. உன் 942 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால், மிஞ்சிப்போனால் 47 ரூபாய். நிதி வருவது நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் ஆர்டருக்கு இவ்வளவு, நிற்கிற நேரத்துக்கு இவ்வளவு என்று எதையும் சொல்லவில்லை. கூலியைத் தொடாமல் நலத்திட்டம் மட்டும் பேசினால், விழுந்த பிறகு தூக்க ஆள் வைத்த மாதிரிதான்.

நம் மாநிலத்தில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் 2023 டிசம்பரில் அமைத்தார்கள். 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். அண்ணா நகரில் மாநகராட்சி உங்களுக்காக ஏ.சி. போட்ட ஓய்வு அறை திறந்தது. "அங்க போனேன் மாமா, சார்ஜ் போட்டேன், பாத்ரூம் போனேன், அரை மணி நேரம் மனுஷனா உக்காந்தேன்" என்று நீ சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இதையெல்லாம் நீ பதிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டோ ஓட்டுநர் நல வாரியத்தில் நான் பதியாமல் இருந்திருந்தால் என் பிள்ளை படிப்புக்கு உதவித்தொகை வந்திருக்காது. "அதுக்கு ஒரு நாள் ஓட்டம் போகுமே" என்று நீ தள்ளிப்போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது.

2025 டிசம்பர் 31-ஐப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. நாடு முழுக்க உங்கள் சங்கங்கள் வேலைநிறுத்தம் சொன்ன நாள். அன்றைக்கு ராத்திரி உன் போனில் ஆர்டருக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு காசு காட்டியது. நீ லாகின் போட்டாய். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்காக நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். தவணை அஞ்சாம் தேதி. ஆனால் ஒன்றை யோசித்தாயா? அன்றைக்கு அந்தக் காசைக் கொடுக்க அவர்களால் முடிந்தது. நிறைய பேர் வண்டியை நிறுத்துவோம் என்று சொன்னதும் உன் போனில் அந்த ரேட் வர ஒரு காரணமாக இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். நிறுத்தியவன் உனக்கு வாங்கிக் கொடுத்த காசும் அதில் இருக்கும்.

உன்னை இந்த வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு வருஷமாக "தற்காலிகம்தான் மாமா" என்கிறாய். பேங்க் பரீட்சைப் புத்தகம் டி.வி. மேல் தூசியோடு இருக்கிறது. 13 மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறவன் கண்ணைத் திறந்து எதைப் படிப்பான்? இந்த வேலையில் இருக்கும் வரைக்கும் அது ஒழுங்கான வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கம்பெனியிடம் கேட்பது. என்ன ரேட் என்று எழுத்தில் கொடு. காலியாகத் திரும்புவதையும் காத்து நிற்பதையும் கணக்கில் சேர். ஐடியை மூடுகிறாயா, கூப்பிட்டுப் பேசிவிட்டு மூடு. காலியாகத் திரும்புவதைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் காலத்திலேயே இருந்தது, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

தினமும் மூன்று எண்ணைக் குறித்து வை: கிளம்பும்போது ரீடிங், திரும்பும்போது ரீடிங், அக்கவுன்ட்டில் ஏறிய காசு. உன் செட்டு பையன்கள் பத்துப் பேரையும் குறிக்கச் சொல். ஒரு மாதம் குறித்தால் பத்து நோட்டு சேரும். லேபர் ஆபீசில் மனு கொடுக்கப் போனால் "எங்க, கணக்கு காட்டு" என்பார்கள். அப்போது மேஜையில் வைக்க அது வேண்டும். உனக்குக் கொடுக்கிற காசில் டிடிஎஸ் என்று வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு சதவீதம் பிடிக்கிறார்களே, அதையும் பார். உன் வருமானத்துக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். பி.காம் படித்தவன் நீ, பத்துப் பேருக்கும் நீயே போட்டுக் கொடு.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் லாகின் போடாதே. ஆதார், பேங்க் பாஸ்புக், ஐடி தெரிகிற மாதிரி ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், மூன்றும் எடுத்து வை. வாரியப் பதிவுக்கு நானே உன்னைக் கூட்டிப் போகிறேன். அன்றைக்குப் போகிற ஓட்டத்துக்கான 385 ரூபாயை மாமா கொடுக்கிறேன், மறுக்காதே. கம்மலைப் பற்றி அக்காவிடம் எதுவும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமா