போர்ட்டிக்சனுக்கு முன்னால் இதைப் படித்துவிடு

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

போர்ட்டிக்சன் டிரையத்லான் போட்டியில் ஒலிம்பிக் தூரத்துக்கு நீ பெயர் கொடுத்துவிட்டதாக நம்ம கிளப் மீசைக்காரர் வந்து சொன்னார். ‘மஞ்சள் சட்டை’ (உன்னைத்தான்!) 1.5 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓடப் போகிறதா என்று கிளப்பில் ஒரே கொண்டாட்டம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 48 வயது, பிரஷர் மாத்திரை, உன் அப்பாவுக்கு இருந்த நெஞ்சுக் கோளாறு, மூன்றும் சேர்ந்து மனத்தை அரிக்கின்றன. போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் கிளப் செய்தி. சாயங்கால ஓட்டப் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றிவிட்டோம். நாலு மணிக்கு மேல் இடி பிடித்துக்கொள்கிறது, கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகாமல் திடலில் இறங்கக்கூடாது என்றால் அன்றைய பயிற்சி போனதுதான். சின்னப் பையன்கள் லங்காவியில் நடக்கும் முழுத் தூர டிரையத்லானுக்குத் தயாராகிறார்கள். தெலுக் பகாங் அணைக்கட்டு ஏற்றத்தில் சைக்கிளில் அவர்களைப் பிடிக்க ஆளில்லை. இன்னொன்று, இடுப்பில் ஆரஞ்சு மிதவையும் பக்கத்தில் துணை ஆளும் இல்லாமல் இனி யாரும் கடலில் இறங்க முடியாது. கிளப் பெரியவரே போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தின் காரணம் உனக்கும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் திடீரென இதயம் நின்றுபோன சம்பவங்களையும் தொகுத்திருக்கிறார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது. சைக்கிளிலும் ஓட்டத்திலும் நேர்ந்தவை அதற்குப் பக்கத்திலேயே வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது ஏறக்குறைய 47. பலருக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியிருக்கிறது. இதைப் படித்ததும் உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

நன்றாக நீந்துகிறவனுக்கும் ஏன் இப்படி? முகம் தண்ணீருக்குள் போய் மூச்சை அடக்கும்போது இதயத்துடிப்பை மெதுவாக்கச் சொல்லி ஒரு நரம்பு கட்டளை இடுகிறது. அதே நேரம் கூட்டம், பதற்றம், வேகம் எல்லாம் சேர்ந்து துடிப்பைக் கூட்டச் சொல்கின்றன. எதிரெதிரான இரண்டு கட்டளைகளும் ஒன்றாக வரும்போது, பழுதுள்ள இதயம் தாளம் தவறிவிடலாம் என்பது உடலியல் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. குளிர்ந்த நீரில் அதிகம் என்றாலும் வெதுவெதுப்பான கடலிலும் நேர்கிறது. இருமல் நிற்காமல் வந்தால், நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால், அந்த நிமிடமே கரையேறி மருத்துவமனைக்குப் போ. சற்று ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

ஆகவே பயிற்சிக்கு முன்னால் டாக்டர். நடைப்பட்டையில் ஓடவிட்டு எடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, இரண்டையும் கேட்டு வாங்கு. அப்பாவின் விஷயத்தை மறைக்காமல் சொல். மாத்திரைப் பெயர் ‘லோல்’ என்று முடிகிறதா பார். பைசோப்ரோலோல், அட்டெனலோல் போன்றவை துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் 120 காட்டும், உடம்போ உச்சத்தில் உழைத்துக்கொண்டிருக்கும். அப்போது கடிகாரத்தை விட்டுவிடு. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் மிதி, ஓடு. நீர் பிரிக்கும் மாத்திரையாக இருந்தால் வெயிலில் உப்பும் நீரும் சீக்கிரம் குறையும், அதையும் கேட்டுக்கொள். நீயாக எதையும் நிறுத்தாதே.

டாக்டர் சரி என்றால் குளத்துக்குப் போகலாம். முதலில் வேகத்தை அள: நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு 400 மீட்டர் முழு முயற்சி, பத்து நிமிட ஓய்வு, பிறகு 200 மீட்டர். 400க்கான நேரத்திலிருந்து 200க்கான நேரத்தைக் கழித்து இரண்டால் வகு. 9 நிமிடமும் 4 நிமிடம் 14 விநாடியும் என்றால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 23 விநாடி வரும். அந்த வேகத்தில் பத்து முறை 100 மீட்டர், இடையே 15 முதல் 20 விநாடி ஓய்வு. வாரம் ஒருமுறை போதும். மற்ற இரண்டு நாளும் குளத்திலேயே மூச்சுப் பழக்கமும் கடலுக்கான பழக்கமும்தான். சுவரைத் தொடாமல் இரண்டு மீட்டர் முன்னாலேயே திரும்பி 400 மீட்டர் நீந்து; சுவரை உதைக்கும் ஓய்வு கடலில் கிடையாது. ஒரே தடத்தில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்து நீந்திப் பழகுங்கள். எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை முதலைபோல் கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து முன்னால் பார். தலையே மேலே வந்தால் இடுப்பு அமிழ்ந்துவிடும். போட்டிப் பாதையைக் காட்டும் மிதவையைத் தேடாதே, அலையில் மறையும். அதே திசையில் தெரியும் உயரமான கட்டடத்தைக் குறிவை.

பதற்றத்துக்கு முதல் காரணம் மூச்சை அடக்குவது. தண்ணீருக்குள்ளேயே முழுக்க ஊதிவிட்டால் தலை திருப்பும்போது காற்று தானாக உள்ளே வரும். போட்டி நாளில் பத்து நிமிடம் முன்னதாகவே நீரில் இறங்கி முகத்தை நனைத்துப் பழக்கு. அனுமதி இல்லையென்றால் கரையில் மெல்ல ஓடிக் கைகளைச் சுழற்று. கூட்டத்துக்குப் பின்னால், வெளி ஓரத்தில் நில். முதல் 200 மீட்டர் வேண்டுமென்றே மெதுவாக. மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கு. காவலுக்கு நிற்கும் கயாக் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாதவரை விதிமீறல் இல்லை. நெஞ்சில் வலி, தலைசுற்றல் என்றால் போட்டி அங்கேயே முடிந்தது, மச்சான். பதக்கம் கிடக்கட்டும்.

நம் கடலுக்கு வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை தேவையே இல்லை. வெதுவெதுப்பான நீரில் அது ஆபத்தும்கூட. பயிற்சிக்கு மட்டும் ஜெல்லி மீனுக்காக முழுக்கைச் சட்டை போடு. பினாங்குக் கடலில் பெட்டி வடிவ ஜெல்லியும் உண்டு. அது பட்டால் மணலால் தேய்க்காதே, நல்ல தண்ணீரும் ஊற்றாதே. குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனை.

சைக்கிள், ஓட்டம் பற்றிச் சுருக்கமாக. வாரம் ஒருமுறை சைக்கிளை விட்டு இறங்கியதும் 15 நிமிடம் ஓடு; காலுக்கு அந்த மாற்றம் பழக வேண்டும். குடிப்பதற்கு 750 மில்லி தண்ணீர்ப் புட்டிக்கு 40 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை. உப்பை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. அதற்காகக் கிளம்பும் முன் குடம் குடமாகக் குடித்து வைக்காதே, அதுவும் கெடுதல். பகல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும், உலு லங்காட்டில் முதல் நாளே மத்தியானம் கிளம்பிவிடாதே. லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய கம்பிதான் நெடுஞ்சாலை ஓரத்தில் உன் எதிரி. பஞ்சரானால் புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார், கம்பி மாட்டும். போட்டியில் ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்தால் தண்டனை.

டெஸ்ட் முடிவு வந்ததும் அதைப் படம் எடுத்து அனுப்பு, நம்ம டாக்டரிடமும் காட்டுகிறேன். நல்லபடியாக இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை இ.டி.எஸ். மின்சார ரயில் பிடித்து பட்டர்வொர்த் வா, பெர்ரித் துறையில் நிற்கிறேன். சனிக்கிழமை விடியலில் பத்து பெரிங்கிக் கடற்கரையில் பெரியவரோடு இறங்கலாம். சைக்கிள் வேண்டாம். நீச்சல் கண்ணாடி இரண்டு கொண்டு வா, இடுப்பு மிதவை இங்கே இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்
பினாங்கு