ஆண்டறிக்கை: வில்லாளிகள் வந்த வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் அவரைப் பார்த்துவிடவும். நான் நேரே, போர் ஆட்டங்களுக்காக நம் சங்கம் வாங்கிய சாமுராய் வில்லாளிப் பொம்மைகளுக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் வாக்குவாதங்களில் பாதி அவர்களால் வந்ததுதான்.

நாம் வாங்கியவை ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் வீரர்கள். சாமுராய் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் பெட்டிக்குள் இருப்பவர்கள் அஷிகாரு, அதாவது காலாட்கள். யூமி எனப்படும் ஜப்பானிய வில் 2 மீட்டருக்கும் அதிக நீளம். இந்த அளவில் சுமார் 30 மி.மீ. வந்துவிடும். அம்பு எய்பவனைவிட வில் உயரம்! பிடியும் நடுவில் இருக்காது, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். அச்சுக் கோளாறு என்று பெட்டியைத் திருப்பித் தரச் சொன்ன புதிய உறுப்பினர்கள் இப்போது சமாதானமாகிவிட்டார்கள்.

உண்மையான கோளாறு வேறொரு பெட்டியில் இருந்தது. ஜப்பானியர் நாணைக் கட்டைவிரலால் இழுப்பார்கள்; அம்பு வில்லின் வலப்புறம் அமரும். அந்தப் பொம்மைகளில் அது இடப்புறம் இருந்தது. பொறுமைசாலிகள் இருவர் பிளேடால் அம்பை அறுத்து மறுபக்கம் ஒட்டினார்கள். மென் பிளாஸ்டிக் என்பதால் வில்லும் வளைந்திருந்தது. வெந்நீரில் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் சரியாகிவிடும். பெயின்ட் அடிக்குமுன் சோப்புத் தண்ணீரில் கழுவாதவர்களுக்கு என்ன ஆனது என்பதை ஷோகேஸில் பார்க்கலாம்.

பெரிய சண்டை, ஜப்பானின் நாகஷினோ போரைப் பொம்மைகளை வைத்து ஆடிய ஆட்டத்தில். 1575இல் நடந்த அந்தப் போரில் படைத்தலைவர் நோபுனாகாவின் திரித்துப்பாக்கிகள் பேர்போனவை. அப்புறம் வில்லாளி எதற்கு என்று ஒரு தரப்பு. துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும் இடைவெளியில் எதிரியை நிறுத்த வில் வேண்டும் என்று மறுதரப்பு. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் பட்டது. கடைசியில் துப்பாக்கிக்காரர்களுக்கு இடையிடையே வில்லாளிகளை நிறுத்தினோம். எதிர்த்தரப்பான தகேதா குதிரைப்படை, ஆடிய இரண்டு முறையும் நோபுனாகா தரப்பின் மரவேலியைத் தாண்டவில்லை.

வரும் ஆண்டுக்கு ஜப்பானில் 1180-85இல் நடந்த கென்பெய் உள்நாட்டுப் போரை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இருக்கும் பொம்மைகளின் முதுகுக் கொடியைச் செதுக்கிவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. அந்தக் காலத்துச் சாமுராய் குதிரைமேலிருந்து எய்தவன். தோளில் கேடயம்போல அகலத் தகடுகள் கட்டியவன். புதிய பெட்டிகள்தான் வாங்க வேண்டும். அதற்கான தொகைக்கு ஒப்புதல் அளித்து, அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்