பத்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஓர் ஆசிரியையின் மடல்

நெல்லை, தென்காசி மாவட்டங்களின் பத்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்பில் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவான். வீட்டுப்பாடம் எழுதி வரவே மாட்டான். அதற்காக அவனை நான் அடித்திருக்கிறேன். ஒருநாள் அவன் அம்மா, பீடிக்கடைக்குப் போகிற வழியில், இடுப்பில் கைப்பிள்ளையோடு என்னைப் பார்த்து நின்றாள். வீங்கிய கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்திருந்தாள். "அவரு வந்து ஒறங்குத வரைக்கும் பிள்ள முழிச்சே கெடக்கான் டீச்சர். என்னய அடிச்சா குறுக்க வந்து விழணும்லா" என்றாள்.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு நான் அவனை அடிக்கவில்லை. ஆனால் வேறு என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. யாரிடம் அனுப்பலாம் என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

போன வருடம், பத்தொன்பது வயதில், இறந்துபோனான். குடித்துவிட்டு, அதன்மேல் வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் போட்டிருக்கிறான். கூட இருந்த பையன்கள் குறட்டை விடுகிறான் என்றே நினைத்திருக்கிறார்கள். மூச்சு அடங்குவது தெரிந்ததும் போலீசுக்குப் பயந்து, 108-ஐக்கூட அழைக்காமல் ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

அந்த ஒன்பது வயதையும் இந்தப் பத்தொன்பது வயதையும் நான் வெகுநாள் சேர்த்துப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் சிறுவயதைப் பற்றிக் கேட்டு, 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், சிறைக்குப் போனவர் என்று ஏழு வகைத் துன்பங்களைக் கணக்கில் எடுத்தார்கள். இவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே இல்லாதவர்களைவிடக் குடி நோயும் போதைப் பழக்கமும் தற்கொலை முயற்சியும் வரும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஏழில் சாதி இல்லை. நம் ஊரில் அதையும் சேர்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும், தடுக்க வந்த தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டுப்பட்டார்கள். வெட்டியதும் மாணவர்கள்தான். அந்தத் தெருவில் அன்று சத்தம் கேட்டு நடுங்கிய சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஜூன் 26 அன்றும் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும், அது நடக்கட்டும். நான் கேட்பது அதற்கு முந்திய கட்டத்துக்கு, வீட்டில் அடியும் குடியும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு உதவுவதற்கான பணம். அடுத்த சுகாதார மானியக் கோரிக்கை விவாதத்தில், இதற்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும் என்று நீங்கள் பேச வேண்டும்.

வீடு வீடாகப் போவது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாசலுக்கே மாத்திரை வருகிறது. கர்ப்பிணியைக் கிராம சுகாதாரச் செவிலியர் தேடி வருகிறார். அவரே "வீட்டுல அடி உண்டாம்மா, பிள்ள ஒறங்குதா?" என்றும் கேட்கலாம். ஆனால் அவர் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட பதிவேடுகள். கூடுதல் ஆள் போடாமல் இதையும் அவரிடமே தள்ளினால் ஒன்றும் நடக்காது. கேட்ட பிறகு அனுப்புவதற்கு, சுற்றியுள்ள சில பள்ளிகளுக்காவது ஒரு மனநல ஆலோசகர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகிறவரிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

அப்புறம், உயிர் போகிற நேரத்துக்கான மருந்து. அபின் வகை மருந்து (வலி மாத்திரைகளில் சிலவும் இந்த வகைதான்) அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கும். அதற்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் அது இருக்க வேண்டும், போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். மது, தூக்க மாத்திரைக்கு அது வேலை செய்யாது. அதனால் மூச்சுக்கு உதவும் கருவியும் வேண்டும். கூப்பிடுகிற பையன்கள்மேல் வழக்கு வராது என்று காவல்துறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குத் தானே முன்வரும் போதை அடிமைக்கு, சிறிய அளவு வழக்குகளில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே 64ஏ பிரிவில் விலக்கு தருகிறது. காப்பாற்ற போன் செய்பவனுக்கும் அந்த மாதிரி ஒரு தைரியம் வேண்டாமா?

அன்று இடுப்பில் இருந்த அவன் தங்கை இப்போது எட்டாம் வகுப்பு. அப்பா இன்னும் குடிக்கிறார். இந்த வருடம் பணம் ஒதுக்கினால், அவள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அந்தப் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி