ஏரித் தூண்டில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குளிரிலும் நேரத்துக்கு வந்து சேர்ந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நடந்தவற்றை இங்கே சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதனால் என் அறிக்கையில் பணத்தைப் பற்றி எதுவும் இல்லை, ஒரு கிலோ ஆட்டுக்கறியைத் தவிர. அது பிறகு வருகிறது.

ஆண்டு தொடங்கியதும் ஒரு சின்னத் தடங்கல். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. கோவை, மேட்டுப்பாளையம் உறுப்பினர்கள் இனி ஏரிப் பக்கமே வர முடியாதோ என்று பதறினார்கள். கைப்பேசியிலேயே முடிகிற வேலை என்று தெரிந்ததும் வழக்கம்போல வந்துவிட்டார்கள். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. தென்மேற்கு மழை கொட்டிய நாட்களில் நடக்கவில்லை, அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

இந்த ஆண்டு கூட்டங்களில் பேச்செல்லாம் பெரிய கெண்டையைப் பற்றித்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் “மலையில் டிரவுட் இருக்கும்போது கெண்டைக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே இங்கே டிரவுட்டுக்குத்தான் மரியாதை. கெண்டை பின்னால் வந்தது. ஐரோப்பாவிலிருந்து சிலோனுக்குப் போன சாதாக் கெண்டையை, 1939ல் அங்கிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். உடம்பு முழுக்கச் செதில் இல்லாமல், அங்கங்கே பெரிய செதில்கள் மட்டும் பளபளக்கும் கண்ணாடிக் கெண்டை அந்த வம்சம்தான். கட்லாவும் ரோகுவும் ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும், ஏரியில் அடைத்து வைத்தால் தானாகப் பெருகாது. கெண்டைக்கு அந்தப் பிகு இல்லை. தேங்கிய தண்ணீரில் ஒரு கைப்பிடிப் பாசி இருந்தால் போதும், முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். குளிரையும் தாங்கும். அதனால் மலை ஏரிகளில் அது நிலைத்துவிட்டது.

கெண்டையைப் பிடிப்பது சுலபம், பெரிய கெண்டையைப் பிடிப்பதுதான் பாடு. அரைக் கிலோ கெண்டை மண்புழுவைக் கண்டால் யோசிக்காது. பத்துப் பதினைந்து வருடம் தாக்குப்பிடித்த மீன் வேறு மாதிரி. அதன் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே சின்னஞ்சிறு எலும்புகள் தொடராக இருக்கின்றன. தண்ணீரில் வரும் சின்ன அதிர்வும் அந்த வழியாகக் காதுக்குப் போய்விடும். கரையில் பூட்ஸ் காலோடு நடந்துகொண்டே கிரிக்கெட் பேசும் உறுப்பினர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும். அப்புறம் அது தின்கிற விதம். இரையைக் கவ்வாது, உறிஞ்சும். வாயில் ஏதாவது சந்தேகமாகப் பட்டால் அப்படியே ஊதித் துப்பிவிடும். மெல்லும் பல் தொண்டைக்குள் இருக்கிறது. ஆகவே தக்கை லேசாக ஆடி நின்றால் “வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது” என்று சொல்கிறோமே, அப்போது இரை முள்ளோடு வாய்க்குள் போய் வெளியே வந்தே இருக்கும்.

ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் இங்கிலாந்துக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தோம். அங்கே ரொம்ப காலம் பெரிய கெண்டை தூண்டிலில் சிக்காது என்றே நினைத்தார்கள். 1930ல் பிடிபட்ட 26 பவுண்டு மீன்தான் இருபது வருடத்துக்கு மேல் அவர்களுடைய சாதனை. 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மையர் என்ற குளத்தில் 44 பவுண்டு மீனைப் பிடித்தார், ஏறக்குறைய இருபது கிலோ. அந்தக் குளம் மூன்று ஏக்கர்தான். நம் ஊரில் அதைக் குட்டை என்போம். அந்த மீனைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள், அது 1971 வரை அங்கே தொட்டியில் இருந்தது. அதே குளத்தில் 1980ல் கிறிஸ் யேட்ஸ் ஐம்பத்தொன்றரை பவுண்டில் ஒன்றைப் பிடித்தார்.

நமக்கு உபயோகமானது அந்த எடைகள் இல்லை, 1980ஐ ஒட்டி லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் இருவரும் கண்டுபிடித்த முடித் தூண்டில். இரையை முள்ளில் குத்துவதில்லை. முள்ளுக்குக் கீழே மெல்லிய இழையில் இரையைத் தொங்கவிடுகிறார்கள். முதலில் நிஜமான தலைமுடியையே கட்டிப் பார்த்தார்களாம். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே போகிறது. ஊதித் துப்பும்போது இரை வெளியே வருகிறது, முள்முனை உதட்டில் மாட்டிக்கொள்கிறது. மீனின் சாமர்த்தியமே அதற்கு எதிராகத் திரும்புகிறது. நம் உறுப்பினர்கள் நைலான் இழையில் வேகவைத்த கொண்டைக்கடலையைக் கோத்துப் பழகினார்கள். கடலையை ஊறவைத்து நன்றாக வேகவைத்த பிறகே போட வேண்டும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, வேகாத பயறு குடலுக்குள் போய் ஊதினால் மீனுக்குத்தான் கேடு.

இனி ஒற்றைப்பொட்டு விவகாரம்.

மூன்று வருடங்களுக்கு முன் நம் இளைய உறுப்பினர் ஒருவர், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவர், ஒரு கண்ணாடிக் கெண்டையைப் பிடித்தார். ஆறு கிலோவுக்கு மேல். வால் பக்கம் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு செதில் (அதனால்தான் ஒற்றைப்பொட்டு), முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு. தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோகத் தயாராகிவிட்டார், குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்லி வீட்டுக்குப் போனும் போய்விட்டது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர், எல்லோரும் கார்டைட் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், குறுக்கே வந்தார். “தம்பி, மீனை விடு, கறி நான் வாங்கித் தருகிறேன்” என்றார். அப்படித்தான் குன்னூர் மார்க்கெட்டில் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கப்பட்டது. அதைச் சங்கச் செலவில் எழுதலாமா என்று அப்போதைய பொருளாளர் கேட்டார், இன்றுவரை முடிவாகவில்லை. மீனைப் படம் எடுத்துத் தண்ணீரில் விட்டார்கள்.

அன்றிலிருந்து கார்டைட் அண்ணனுக்கு அந்த மீன்தான் வேலை. அவர் அதைத் தேடிப் போன விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு மீன்பிடிப்பு என்றால் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்காருவது. அவர் ஏரிக்கு வந்தால் பாதி நாள் தூண்டிலையே பிரிப்பதில்லை. பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கலங்கி எழும் இடம், சேற்றிலிருந்து தொடராக வரும் பொடிக் குமிழி, பாசி ஓரத்தில் ஒரு புரளல், எல்லாவற்றையும் நோட்டில் குறிப்பார். வெறும் ஈயக்குண்டை வீசி மெதுவாக இழுத்து, தூண்டில் நரம்பில் விரலை வைத்து ஏரித் தரையைப் படிப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் சேறு, தட்டித் தட்டி வந்தால் சரளை, சட்டென்று நின்றால் பாசி. காற்று ஒரே பக்கமாக அடிக்கும் நாட்களில், அலை போய் மோதும் கரையில் கெண்டை கூடுகிறது என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கம் மேல்தண்ணீர் சூடும் தீனியும் சேர்கின்றன. டிசம்பர், ஜனவரி உறைபனியில் எந்தக் கரையும் உதவாது. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் மந்தமாகிவிடும், மதகுப் பக்கத்து ஆழத்தில் கிடக்கும், தீனி எடுப்பதே அபூர்வம். அந்த மாதங்களில் பனியில் உட்கார்ந்து சளி பிடித்துக்கொண்டவர்கள் அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம், மீன்பிடிப்பு என்று சொல்ல முடியாது.

இரையும் அவருடைய சொந்தத் தயாரிப்பு. ராகி மாவு, ரவை, கடலைப் புண்ணாக்குப் பொடி, முட்டை விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டிக் கொதிநீரில் போட்டு எடுப்பார். மேல் தோல் கெட்டியாகிவிடுவதால் பொடி மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. வெளிநாட்டில் பாய்லி என்று டப்பாவில் விற்பதும் இதே சங்கதிதான். ஓடை வந்து சேரும் மூலையில், சரளைத் திட்டு ஒன்றில், முள் இல்லாமல் வெறும் உருண்டைகளைத் தினமும் சாயங்காலம் ஒரு கை போட்டுவந்தார். இங்கே தின்றால் ஒன்றும் ஆகாது என்று மீன் நம்ப வேண்டுமாம். நவம்பரில் ஒரு பெரிய மீன் மாட்டி, பாசிக்குள் புகுந்து நரம்பை அறுத்துக்கொண்டு போனது. ஒற்றைப்பொட்டுதான் என்று அவர் சொல்கிறார். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் அவருக்குக் கோவையில் கண்புரை அறுவை சிகிச்சை. ஏரிப் பக்கம் வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீனி நின்றுவிடக் கூடாதே என்று உருண்டை டப்பாவையும் நோட்டையும் புதிய உறுப்பினரான ஆசிரியை ஒருவரிடம் ஒப்படைத்தார். “டீச்சர், நீங்கள் வேண்டுமானால் ஒரு தூண்டிலும் போட்டுப் பாருங்கள்” என்றும் சொன்னார். பெருந்தன்மையாகச் சொன்னதுதான். மார்ச் முதல் வாரம், வெயில் கொஞ்சம் ஏறிய ஒரு சனிக்கிழமை மதியம், டீச்சரின் தூண்டில் நுனியில் கட்டியிருந்த மணி அடித்தது.

மீன் நேராகப் பாசியை நோக்கிப் பாய்ந்தது. டீச்சர் கழியைத் தூக்கிப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி, கரையோரமாக எதிர்த்திசையில் நடந்தபடியே மீனின் தலையைத் திருப்பினார். நோட்டில் நவம்பர் பக்கத்தில் “பாசிக்குப் போனால் மேலே தூக்காதே, பக்கத்தில் இழு” என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததாம். ரீலின் பிடியை அளவாகத் தளர்த்தி, மீன் ஓடியபோது விட்டு, நின்றபோது சுற்றினார். அங்கே இருந்த இரண்டு உறுப்பினர்கள் கைவலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். நனைத்த ஸ்பாஞ்சு மெத்தையில் கிடத்தி, ஈரக்கையோடு முள்ளைக் கழற்றி, ஈரச் சாக்கில் வைத்துக் காய்கறி வியாபாரியின் தொங்கு தராசில் எடை பார்த்தார்கள். சாக்கைக் கழித்து எட்டு கிலோ எழுநூறு கிராம். வால் பக்கம் ஒரே செதில், துடுப்பில் வெட்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தோடு வைத்துப் பார்த்தோம், சந்தேகமே இல்லை. படம் எடுத்து, மூச்சு சீராகும்வரை தண்ணீரில் தாங்கிப் பிடித்து விட்டார்கள்.

சங்கப் பதிவேட்டில் இதை யார் பெயரில் எழுதுவது என்று செயற்குழுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சண்டை. இடம் அண்ணனுடையது, இரை அவருடையது, வருடக்கணக்கான உழைப்பும் அவருடையது. டீச்சரோ அண்ணன் பெயரையே எழுதச் சொன்னார். கண்ணில் பச்சைத் துணியோடு கூட்டத்துக்கு வந்த அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “கழியை யார் பிடித்தார்களோ அவர்கள் பெயர்தான். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள், உருண்டை புதுசா, வெயிலில் காய்ந்ததா?” என்று கேட்டார். டீச்சர் பெயரில் பதிவானது. கழி பிடித்தவர் பெயரே பதிவாகும் என்பதை இனி விதியாகவே வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

இன்னொரு பரிந்துரைக்கு எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே வைக்கிறேன். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட எந்தக் கெண்டையையும் உயிரோடு திரும்ப விட வேண்டும். மீன் பிடிப்பது குழம்புக்குத்தானே என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சின்ன மீனை எடுத்துக்கொள்ளுங்கள், ருசியும் அதில்தான். பெரியதை விட்டால்தான் மீன் பெருகும் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பெண் கெண்டை, தன் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம் முட்டைக்கு மேல் இடும். நம் ஏரிக்கு முட்டைக் குறைவே கிடையாது. ஆனால் இந்தக் குளிரில் எட்டு கிலோ மீன் உருவாக எத்தனையோ வருடம் ஆகிறது, சட்டியில் அது ஒரு நாள்தான். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கறியை வாங்கியிருக்காவிட்டால் இந்த மார்ச்சில் யாருக்கும் எதுவும் மாட்டியிருக்காது. இங்கிலாந்தில் கென்ட் பகுதி கானிங்புரூக் ஏரியில் டூ டோன் என்ற ஒரே மீனைப் பலர் வெவ்வேறு வருடங்களில் பிடித்துத் திரும்ப விட்டிருக்கிறார்கள். 2010ல் அது செத்தபோது கரையில் புதைத்தார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

விடுவது என்றால் ஒழுங்காக விட வேண்டும். மீன் கழன்று போகாமல் தடுப்பதற்காக முள்ளின் உட்பக்கம் வைத்திருக்கும் எதிர்முனையை, முள் சுலபமாகக் கழலும்படி பிளையரால் நசுக்கிவிடுங்கள். உலர்ந்த கையால் தொட்டால் உடம்பு வழுவழுப்பு போய்ப் புண் வரும். பாசி ஓரத்தில் மீன்கள் கூட்டமாக முட்டையிடும் நாட்களில் அந்தப் பக்கம் தூண்டில் போடக் கூடாது. பிடித்த குஞ்சுகளை வாளியில் எடுத்துப்போய்ப் பக்கத்து ஓடைகளில் விடும் பழக்கம் இரண்டொருவரிடம் இருப்பதாகக் கேள்வி. அது புண்ணியம் இல்லை. கெண்டை சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், அங்கே உள்ள சொந்த மீன்களுக்கு இடம் இல்லாமல் போகும். காஷ்மீரத்து ஏரிகளில் அப்படி நடந்திருக்கிறது.

இரவு மீன்பிடிப்புக்கு அனுமதி கேட்டுச் சில உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டில் கூடாரம் போட்டுத்தான் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. அங்கே இருட்டியதும் காட்டு மாடு தண்ணீர் குடிக்க வருவதில்லை. மனு நிராகரிக்கப்பட்டது. நீர்நாய்கள் மீனைத் தின்கின்றன, வெடி போட்டு விரட்டலாம் என்ற யோசனையும் நிராகரிக்கப்பட்டது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதுவும் போக, நம்மைவிட அது நன்றாக மீன் பிடிக்கிறது என்பதற்காக விரட்ட முடியாது. அறுந்த நைலான் நரம்பில் கால் சிக்கிய முக்குளிப்பான் பறவை ஒன்றை அக்டோபரில் மீட்டோம். நரம்புத் துண்டுகளைப் போட மதகருகே ஒரு டப்பா வைத்திருக்கிறோம். அதில் இதுவரை அதிகம் விழுந்தவை பீடித் துண்டுகள்.

வரும் ஆண்டுக்கு ஒரு நல்ல தொங்கு தராசும் மீனைக் கிடத்தும் மெத்தை ஒன்றும் வாங்க ஒப்புதல் வேண்டும். காய்கறி வியாபாரி தராசில் மீன் வாடை வருகிறது என்று சொல்லிவிட்டார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீருக்கு முன்பே பொருளாளரைப் பார்க்கவும். கார்டைட் அண்ணன் இப்போது மதகுக்கு எதிர்க்கரையில், புதிதாக ஓர் இடத்தில் தீனி போடத் தொடங்கியிருக்கிறார். அங்கே யாரும் வலை வீசவோ துணி துவைக்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டு, பதிவேட்டு விதி, மூன்று கிலோ விதி இரண்டையும் தனித்தனியே வாக்குக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்