‘யு’ போடாதீர்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு எழுபத்தோரு வயது. காலையில் 14, ராத்திரி 6 யூனிட் இன்சுலின். போன தடவை போனபோது டாக்டர் ராத்திரி அளவை நான்காகக் குறைத்தார். சீட்டில் 4 எழுதி, அதை ஒட்டினாற்போல், யூனிட் என்பதற்குச் சுருக்கமாக, ஆங்கில ‘யு’ (U) ஒன்றைப் போட்டார். அவசரத்தில் அந்த யு-வின் வாய் மூடிக்கொண்டது.

மருந்துக் கடைத் தம்பி அதை 40 என்று படித்து, டப்பா மேல் கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார். “சந்தேகமா இருக்கே தம்பி” என்றேன். “சிரிஞ்சுலயும் 40னுதான்க்கா போட்டிருக்கு, பாருங்க” என்று சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக் காட்டினார். யு-40 என்று இருந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி மருந்தை இழுத்தால் சிரிஞ்சின் கடைசிக் கோடுவரை வந்து நின்றது. அம்மா கையை இழுத்துக்கொண்டார். “என்னடி, முட்ட முட்ட ஏத்தியிருக்க? கொறைக்கிறேன்னுல்ல அவரு சொன்னாரு.” அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றியது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம். நான்குதான். பத்து மடங்கு போட்டிருந்தால், வேர்த்து நடுங்கி நினைவு தப்புவது எல்லாமே தூக்கத்தில் நடந்திருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குக்கூடத் தெரிந்திருக்காது.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். சிரிஞ்சில் இருக்கும் யு-40க்கு, மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கான ஊசி என்று பொருள். சீட்டில் இருந்த யு, எத்தனை யூனிட் போட வேண்டும் என்பதற்கு. ஒரே மேசையில், ஒரே மருந்துக்கு, ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள். ஆரஞ்சு மூடியோடு யு-100 சிரிஞ்சும் கடையில் கிடைக்கிறது. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் நான்காம் கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட்.

மற்ற இடங்களிலும் இந்த எழுத்து சும்மா இருப்பதில்லைதான். வேதியியலில் யுரேனியம். ஆர்.என்.ஏ.வில் யுராசில். கம்பெனிப் பதிவு எண் யு-வில் தொடங்கினால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். கம்ப்யூட்டர் சர்வர் அடுக்குகிறவர்களுக்கு ஒரு யு என்றால் 1.75 அங்குல உயரம். நம் ஊரில் யு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சினிமா சான்றிதழ். ஒரு காலத்தில் கேளிக்கை வரி விலக்குக்கே அது வேண்டியிருந்தது. அங்கெல்லாம் குழப்பம் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். யுரேனியத்தை யாரும் பூஜ்யமாகப் படித்து ஊசியில் ஏற்றுவதில்லை.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் ‘எழுதக் கூடாத சுருக்கங்கள்’ என்று பட்டியல் போட்டபோது யு-வையும் அதில் சேர்த்தது. பூஜ்யமாகவும் 4 ஆகவும், மில்லியைக் குறிக்கும் ‘சி.சி.’யாகவும் அதைப் படித்துவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். சர்வதேச யூனிட் என்பதன் சுருக்கமான ‘ஐ.யு.’ (IU) என்று எழுதியும் தப்ப முடியாது. 10 என்றோ, நரம்பில் ஏற்றும் ‘ஐ.வி.’ என்றோ தெரியும் என்று அதையும் விலக்கினார்கள். இங்கே 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. நல்லதுதான். ஆனால் யு-வை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் வாய் மூடினால் பூஜ்யம்தானே?

கேட்பது இவ்வளவுதான். ‘யூனிட்’ என்று முழுதாக எழுதுங்கள், எண்ணுக்கும் அதற்கும் நடுவில் இடம் விடுங்கள். முடிந்தால் ‘4, நான்கு’ என்று எழுத்தாலும் போடுங்கள். ஐந்நூறு ரூபாய் செக்குக்கே எழுத்தால் எழுதித்தானே கொடுக்கிறோம். கூட்டம் வெளியே நிற்கிறது, ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்பது பெஞ்சில் காத்திருக்கும் எங்களுக்கும் தெரியும். இதற்கு இரண்டு நொடி போதும்.

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இப்போதெல்லாம் சீட்டை என்னிடம் தருவதில்லை. கண்ணாடியைப் போட்டு அவரே முதலில் படித்துப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஓர் இன்சுலின் வீட்டு மகள்