கோச்சி போற நேரத்துக்கு ஒரு ரிமோட்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

மச்சான்,

டிசம்பரில வாறன் எண்டு நீ எழுதினதை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசிச்சுக் காட்டினன். உனக்குக் கடல் பக்கத்து அறைதான். கோச்சி (ரயில்) சத்தம் கேட்டால் என்னைப் பேசாத, முதலே சொல்லிப்போட்டன்.

ஹோம் தியேட்டருக்கு ஒரே ரிமோட் சரிவருமோ எண்டு கேட்டிருந்தாய். எங்கட வீட்டில அந்தக் கதை தொடங்கினதே கோச்சியாலதான். மகன் அனுப்பின காசில அம்ப் எண்ட சத்தம் பெருப்பிக்கிற பெட்டி, ஐஞ்சு ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாம் வந்து இறங்கிச்சு. ரீவி, டிஷ் பெட்டி, இன்ரநெட்டில படம் காட்டிற ஃபயர் ஸ்ரிக் எண்டு கூட்டினால் மேசையில நாலு ரிமோட். கோச்சி வந்தால் அம்மா பழக்கத்தில ரீவி ரிமோட்டை அமத்துவா. சத்தம் வாறதோ அம்பால. திரையில கோடு மட்டும் ஏறும். சரியான ரிமோட் கைக்கு வாறதுக்குள்ள கோச்சி பம்பலப்பிட்டியைத் தாண்டியிடும், செய்தியும் முடிஞ்சிடும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ஒரு கடையில, மற்ற ரிமோட்டுகளைப் பார்த்துப் பழகிற ரிமோட் ஒண்டு வாங்கினன். பழைய ரிமோட்டையும் புதுசையும் ஆட்டுக்கடா முட்டிற மாதிரி நேர் நேராய் வைச்சு, நடுவில இரண்டு விரல் இடம் விட்டு, ஒவ்வொரு பட்டனாய்ச் சொல்லிக்குடுக்க வேணும். முதல் நாள் பின்னேரம் ஒண்டுமே ஏறேல்லை. கடைக்காரனைத் திட்டிக்கொண்டு இருந்தனான். பிறகுதான் பார்த்தால், மேற்கு யன்னலால வெயில் நேரே மேசையில விழுது. ரிமோட் பேசிறதும் கண்ணுக்குத் தெரியாத ஒளியிலதானே, வெயிலிலயும் அது நிறைய இருக்கு. யன்னல் சீலையை இழுத்து மூடினன், பத்து நிமிஷத்தில எல்லாம் ஏறிச்சு. சத்தப் பட்டன் இரண்டையும் எப்பவும் அம்புக்கே போற மாதிரி வைச்சன். மச்சான், இது ஒண்டை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மிச்சப் பாதி பவர் பட்டன். ஒரு அமத்தலில ரீவி, பெட்டி, அம்ப் மூண்டும் எரியிற மாதிரிச் செய்து வைச்சு, பெரிய ஆள் மாதிரி இருந்தன். அடுத்த நாள் பேத்தி ரீவியை மட்டும் முதலே போட்டிட்டாள். நான் அமத்த, அம்ப் எரிஞ்சுது, ரீவி நூர்ந்துது. திருப்பி அமத்த, ரீவி எரிஞ்சுது, அம்ப் நூர்ந்துது. பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. ஆளில்லாத வீட்டைப் பார்த்துக் கூப்பிடுற மாதிரித்தான் ரிமோட்டும். தான் சொல்லும், பதில் கேளாது. எரியிறதுக்கும் நூர்க்கிறதுக்கும் ஒரே சமிக்ஞை எண்டால் அதுக்கு என்ன தெரியும்? கனக்க ரீவிகளுக்கு 'எரி', 'நூர்' எண்டு தனித்தனிச் சமிக்ஞை இருக்கு, ஆனால் கூட வாற ரிமோட்டில அதுக்குப் பட்டன் வைக்கமாட்டாங்கள். மருமகனிட்ட இருக்கிற ஷியோமி போனில அந்த ஒளி விடுற வசதி இருக்கு. அதில அந்த இரண்டையும் தேடி எடுத்து, போனையும் ரிமோட்டையும் முட்ட வைச்சுப் பழக்கினம். இப்ப எத்தினை தரம் அமத்தினாலும் எரியிற ரீவி எரிஞ்சபடி கிடக்கும்.

ஃபயர் ஸ்ரிக்தான் பிடிகுடுக்கேல்லை. அதின்ர ரிமோட் புளூரூத்தில பேசுது, இதுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் ரீவி அமைப்புக்குள்ள சிஈசி எண்டதைப் போட்டுவிட்டால், ரீவியின்ர அம்புக்குறிப் பட்டன்களை எச்டிஎம்ஐ வயரே ஸ்ரிக்குக்குக் கடத்துது. நாலாவது ரிமோட்டும் லாச்சிக்குள்ள போச்சு.

எல்லாத்துக்கும் ஒண்டாய் வேலை செய்யிற ஹார்மனி ரிமோட் வாங்கவோ எண்டும் கேட்டாய். லொஜிரெக் கம்பனி 2021இலயே அதைச் செய்யிறதை நிப்பாட்டிப்போட்டாங்கள். தான் எதை எரிச்சது எண்டு ஞாபகம் வைச்சிருக்கிற கெட்டித்தனம் அதுக்கு இருந்தது உண்மைதான். எண்டாலும் அமைக்கிறதுக்கு அவங்கட சேர்வர் வேணும். அரைவிலைக்குக் கிடைச்சால் ஒழிய நான் வாங்கமாட்டன்.

கடற்காத்தில இஞ்ச பற்றறி ஸ்பிரிங் எல்லாம் பச்சை பிடிக்குது. ரிமோட் செத்திட்டுது எண்டு நினைக்க முதல், நுனியைப் போன் கமராவுக்கு நேரே பிடிச்சு அமத்திப் பார். கன போன்களில ஊதா வெளிச்சம் மினுங்கும்.

எங்கட ஊரில வாடகை வீடியோ டெக் கொண்டுவந்து, ஜெனரேற்றரில விடிய விடியப் படம் பார்த்த காலம் ஞாபகமிருக்கோ? அந்த டெக் ரிமோட்டுக்கு வாலும் இருந்தது. இருட்டில அந்த வயர் தடக்கி விழுந்தது நீதான், நான் இல்லை.

அம்மா புது ரிமோட்டை நல்லாய்ப் பாவிக்கிறா. ஆனால் பொலித்தீன் சுத்தின பழைய ரீவி ரிமோட் இன்னும் அவவின்ர தலகணிக்குக் கீழதான். கேட்டால், "கிடக்கட்டும் தம்பி" எண்டுறா. வரேக்க சின்னப் பற்றறிப் பெட்டி ஒண்டு கொண்டுவா, அவவின்ர ரிமோட்டுக்கும் மாத்த வேணும்.

உன்ர
மச்சான்