ரத வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு

இராமேஸ்வரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து நிம்மதியடைந்தேன். "பக்கத்துத் தங்கச்சிமடத்தில் பிறந்தவன் இராமேஸ்வரத்தில் வாடகைக்கு வீடு பிடிப்பதா?" என்று நீ கேட்டிருந்தாய். சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அப்பாவின் வீடு பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போனது உனக்குத் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருப்பதைவிட, கோயிலுக்கும் கடலுக்கும் நடந்து போகிற தொலைவில், கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு சிறிய வீடு போதும் என்று தோன்றியது. மேற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் அது அமைந்தது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், புதிய மாதிரி சமையலறை, ஏசி, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ் தரை. வாடகை 9,000 ரூபாய்.

இந்த ஊரில் இப்படியொரு வீடு மாத வாடகைக்குக் கிடைப்பதே அரிது. அமாவாசைக்கு வரும் யாத்ரீகர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் சில நாட்களிலேயே என் மாத வாடகையை எடுத்துவிடலாம் என்று இருக்கும்போது எந்த உரிமையாளர் என்னைத் தேடுவார்? 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது முதல், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. இப்போதோ விடியுமுன் சந்தில் பெட்டிகளின் சக்கரம் உருளும் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு ஆண்டுகள் யாத்ரீகர்களுக்கு விட்டுப் பார்த்தவர். துவைக்கிற விரிப்புகளுக்கும் நள்ளிரவுத் தொலைபேசிக்கும் சலித்துப்போய்த்தான் என்னிடம் தந்தார். ஆனால் பழக்கம் போகவில்லை. முதலில் 10 மாத அட்வான்ஸ் கேட்டார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், இருவருக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது என்று சொன்னேன். "அந்த வேறு உடன்பாட்டைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று அவர் சிரித்தார். 5 மாதத்தில் முடிந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த 11 மாதப் பத்திர வழக்கம் அவர் மனத்தில் ஊறியிருந்தது. இப்போது 11 மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதை ஏற்கவைக்க இரண்டு வாரம் ஆயிற்று. மின்சாரத்துக்கும் வணிக இணைப்பிலிருந்து பிரித்து யூனிட் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னார். வீட்டு இணைப்பாகத் தனி மீட்டர் வந்த பிறகுதான் குடியேறினேன். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டை நான் ஏன் விட வேண்டும்?

ஆடி அமாவாசை நெருங்கியபோது வந்து, "மூன்று நாள் மதுரைக்குப் போய் வாருங்களேன், வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்றார். நான் மறுத்துவிட்டேன். அன்று மாலை மோட்டார் பழுது என்று தண்ணீர் வரவில்லை. குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று அதே வாடகைச் சட்டத்தில் இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மோட்டார் தானாகவே சரியாகிவிட்டது!

ஆனால் இந்த வீட்டில் உண்மையான எதிரி உப்புக்காற்றுதான். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னல் கிரில்லைத் தொட்டால் விரலில் துரு ஒட்டுகிறது. மாடியில் வைத்திருக்கும் ஏசியின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடுகள் உதிர்ந்து, செப்புக் குழாயில் ஊசித்துளை விழுந்து, குளிரூட்டும் வாயு இரண்டு முறை கசிந்துவிட்டது. சுவரின் ஒரு மூலையில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சைத் தள்ளி வெடிக்கவைத்திருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள்; இந்தக் கரையில் பார்க்க வேண்டியது கூரையின் அடிப்பக்கத்தையும் கதவுக் கீல்களையும்தான். நானும் அதைப் பிறகுதான் பார்த்தேன். போர்வெல் தண்ணீரும் உப்பு என்பதால் ஷவர் ஓட்டைகள் மாதத்துக்கொரு முறை அடைத்துக்கொள்கின்றன. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன்.

கம்பியும் பைப்பும் சுவர்ப்பூச்சும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷரும் பூட்டும் கைப்பிடியும் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை பிரிக்கிறது. உள்நாட்டில் இது நியாயமான பங்கீடாக இருக்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் ஓர் ஆண்டுக்குள் மூன்று பூட்டு மாற்றியவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

நீயும் தங்கச்சியும் ஒருமுறை வந்து தங்குங்கள். படுக்கையறை உங்களுக்கு, ஹாலில் நான் படுத்துக்கொள்வேன். அமாவாசையைத் தவிர்த்து வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் உங்களையும் யாத்ரீகர் கணக்கில் எழுதிவிடுவார். திண்டுக்கல்லிலிருந்து வரும்போது நல்ல பித்தளைப் பூட்டாக ஒன்று வாங்கி வா. சாவியும் பித்தளையாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்